அனுப்புநர் பெயர் இல்லை

2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12ஆம் நாள், வியாழக்கிழமை. தென்காசியில் விடியற்காலை முதலே சாரல். பத்து மணிக்கு வெயிலும் மழையும் சேர்ந்தே அடித்துக்கொண்டிருந்தன.

மேலகரத்தில், உலகம்மையின் சமையலறையில் உணவுப் பாதுகாப்பு அலுவலர் விஸ்வநாதன் நின்றுகொண்டிருந்தார்.

"ஜாதிக்காய் ஊறுகாய் மட்டுந்தானாம்மா?"

"ஆமா சார். வேற ஒண்ணும் கெடையாது."

துணிக்கடையில் பன்னிரண்டு ஆண்டுகள் நின்றே வேலை பார்த்து, கால் நரம்பு சுருண்டுபோன பிறகு, உலகம்மை நம்பியிருந்தது இந்த ஊறுகாயைத்தான். பேரருவிக்குப் போகும் வழியில் கடை வைத்திருக்கும் மூசா, சீசனுக்கு நூறு பாட்டில் எடுப்பதாகச் சொல்லியிருந்தார்.

"ஆனா லேபிள்ல பதிவு நம்பர் இருக்கணும்த்தா. இல்லன்னா ஒரு பாட்டில்கூட வைக்க மாட்டேன்."

இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாள். திங்கட்கிழமை உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. "வியாழக்கிழமை உங்க வீட்டைப் பாக்க வாறோம்."

உலகம்மை அக்கணமே முடிவு கட்டிவிட்டாள். யாரோ வத்தி வைத்துவிட்டார்கள். யாரோ என்ன, பக்கத்து வீட்டுப் பெர்சிஸ்தான். இரு வீட்டுக்கும் பொதுவான கிணற்றில் அவள் சின்னப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போனதை முந்தைய வாரம்தான் உலகம்மை கண்ணாரக் கண்டிருந்தாள்.

பெர்சிஸ் மட்டும் யோக்கியமா? பதிவில்லாமல் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவள்தானே? அன்று மத்தியானமே உலகம்மை அதே அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினாள், இடக்கையால். அனுப்புநர் பெயர் போடவில்லை. வீட்டில் உறை இல்லாததால், மொய் வைக்க வேண்டும் என்று சொல்லிப் பெர்சிஸிடமே ஒன்று வாங்கி, ஒட்டி அனுப்பிவிட்டாள்.

அலுவலர் குப்பைத்தொட்டியின் மூடியைத் திறந்து மூடினார். பாட்டில்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவளது நகங்களைப் பார்த்தார்.

"காய் கழுவ எந்தத் தண்ணி?"

"கெணத்துத் தண்ணி சார். அமிர்தமா இருக்கும்."

"அமிர்தமா இருக்கட்டும். சோதிச்ச சான்று இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப சோதிச்சு வாங்கிட்டுச் சொல்லுங்க. மறுபடி வந்து பாக்கேன்."

"எப்ப சார் வருவீங்க?"

"அடுத்த மாசம் ஆகும்மா."

அடுத்த மாதம் என்றால் பாதிச் சீசன் போய்விடும். மூசா வேறு ஆளைப் பார்த்துவிடுவார்.

அப்போது வாசலில் பெர்சிஸ் குடையை மடக்கினாள்.

"வாங்க மேடம்," என்றாள் உலகம்மை. "வேடிக்கை பாக்க வந்தியளோ? நல்லாப் பாத்துக்கிடுங்க."

பெர்சிஸ் ஒரு தாளை நீட்டினாள். கிணற்றுத் தண்ணீரின் சோதனைச் சான்று. பெயர்: உலகம்மை. தண்ணீரில் குறையில்லை.

"பதிவுக்கு இதக் கேப்பாங்கன்னு நாந்தான் தண்ணியச் சோதிக்கக் குடுத்தேன். கேட்டா, 'நம்ம கெணத்தையா சந்தேகப்படுதே'ன்னு கோவிப்பியன்னுதான் சொல்லலக்கா. நேத்துதான் கைக்கு வந்துச்சு."

அலுவலர் படித்துவிட்டுத் தன் படிவத்தில் கையெழுத்திட்டார். "ஒரு வாரத்துல நம்பர் வந்துரும்."

உலகம்மை சான்றை வாங்கி மடித்து வைத்தாள். ஆனாலும் கேட்டாள்: "எம்மேல மனு போட்டது யாரு சார்?"

"உங்க மேலயா? யாரும் போடலையேம்மா. நீங்கதான பதிவுக்கு விண்ணப்பிச்சீங்க? விண்ணப்பிச்சா வந்து பாக்கது வழக்கந்தான்." பையிலிருந்து வேறொரு தாளை எடுத்தார். "இந்தத் தெருவுல மனு ஒண்ணுதான் வந்திருக்கு. பெர்சிஸ்ங்கது யாரு?"

"நாந்தான் சார்."

"அனுமதியில்லாம கேக் விக்கியளாம். மாவு டப்பா மேல பூனை படுத்துக் கெடக்காம்."

"கேக் விக்குதது நெசந்தான். பூனை தெருவுக்குப் பொது சார்."

அவர் சிரிக்கவில்லை. "பதியாம விக்கக் கூடாது. நம்பர் வாறவரைக்கும் அடுப்பு பத்த வைக்காதீங்க."

"ஞாயித்துக்கெழம ஞானஸ்நானத்துக்கு ஒரு கேக் ஒத்துக்கிட்டேன் சார்."

"வேண்டாம்னு சொல்லிருங்க." மனுவோடு குத்தியிருந்த உறையைக் கழற்றி நீட்டினார். "பேரு கெடையாது. எழுத்தும் கோணக்கமாணக்கன்னு இருக்கு. யாருன்னு தெரியுதா?"

பெர்சிஸ் உறையை வாங்கிப் பார்த்தாள், பின்புறம் திருப்பினாள். ஒட்டிய மடலைக் கட்டைவிரலால் ஒரு முறை தடவினாள். உலகம்மை அடுப்பங்கரைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியல சார்," என்று திருப்பிக் கொடுத்தாள். "யாரா இருந்தா என்ன? எப்படியும் பதியத்தான வேணும்? எழுதுனவுங்க நல்லதுக்குத்தான் எழுதியிருப்பாங்க."

ஞானஸ்நானத்துக் கேக் வேறு கடைக்குப் போயிற்று. ஜூன் 20ஆம் நாள் உலகம்மைக்குப் பதிவு எண் கிடைத்தது. மூசா நூறு பாட்டில்களையும் எடுத்துக்கொண்டார். பெர்சிஸை இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போய், வரிசையில் நின்று விண்ணப்பிக்க வைத்தவள் உலகம்மைதான். ஜூலையில் பெர்சிஸுக்கும் எண் வந்தது. மனுவைப் பற்றி மட்டும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஆவணியில் சுரண்டையில் ஒரு கல்யாணம். இம்முறை மெய்யாகவே மொய் வைக்க, உலகம்மை பெர்சிஸிடம் ஓர் உறை கேட்டாள். தன் தம்பி கல்யாணத்தில் மிஞ்சிய உறைக்கட்டிலிருந்து அவள் ஒன்றை உருவித் தந்தாள்.

வீட்டுக்கு வந்து, பணத்தை வைத்து ஒட்டும்போதுதான் உலகம்மை கவனித்தாள். மடலில் ஒரு சிறு ரோஜாப்பூ புடைத்திருந்தது. அன்று பெர்சிஸின் கட்டைவிரல் எதைத் தடவியது என்பது, உலகம்மையின் கட்டைவிரலுக்கு அப்போதுதான் தெரிந்தது.