ஈஸ்டர் வாரத்துச் சாவி

யூருன் ராஜினாமாக் கடிதத்தை மேசைமேல் விட்டெறிந்தாள். அது வழுக்கிப் போய் ஆலை மேலாளர் ஸ்வெர்ரேயின் காப்பிக் கோப்பையில் இடித்து நின்றது.

"இந்த மாசத்தோட சரி. எதிர்க்கரை ஆலைக்குப் போறேன். அங்க சம்பளம் ஜாஸ்தி."

ஸ்வெர்ரே விரல் நுனியால் தாளைப் பிரித்தான். மடிப்பெல்லாம் நைந்திருந்தது. கீழே பெயரும் தேதியும் பென்சிலில்.

"பேனா வாங்கக்கூட வக்கில்ல, வேலையை விடறாளாம்!"

"மீன் வெட்டற கைக்குப் பென்சில் போதும்."

"ரொம்ப நாளா இதைப் பையிலயே வச்சுக்கிட்டு உள்ள வரப் பயந்துக்கிட்டிருந்தே போல."

"உன்னைப் பாத்தா? தினம் ஆயிரம் மீன் தலை முறைக்குது. அதுக்கே பயந்ததில்ல."

வெளியே போடி என்று கத்த அவனுக்கு நாக்கு துடித்தது. ஆனால் வெட்டும் இயந்திரத்தை அவளைப்போல ஓட்ட அந்த ஊரில் ஆளில்லை. சம்பளத்தில் ஒரு குரோனர்கூட ஏற்றக் கூடாது என்று தலைமை அலுவலகம் கறாராகச் சொல்லியிருந்தது.

"ஹெர்டிஸைப் பாரு. பத்து வருஷமா உன் பக்கத்துல நின்னு முள் எடுக்கறா. ஒரு நாள் வாயைத் திறந்திருப்பாளா? அதுக்குப் பேர்தான் விசுவாசம்."

"அவளுக்கு என்ன கிழிச்சே? லீவுக்குத் தங்கற கம்பெனி மலைவீட்டை எங்களுக்கெல்லாம் நவம்பர் மழையிலதானே குடுக்கறே? ஈஸ்டர் வாரம் மட்டும் மாடியில உக்காந்திருக்கறவனுக்கே விழுது. குலுக்கலாம், பெரிய குலுக்கல்! லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் போனா, பனியில எங்க சறுக்கினீங்கன்னு கேக்கறாங்க. என் பசங்க ரெண்டும் பேந்தப் பேந்த முழிக்குதுங்க."

ஸ்வெர்ரே உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். போன வருஷம் ஐனாரும் இப்படித்தான் வந்து குதித்தான். சம்பளத்தில் ஆரம்பித்து மலைவீட்டில் வந்து நின்றான். சாவி கைக்கு வந்ததும் அடங்கினான். இன்னும் கீழே மீன்தான் வெட்டிக்கொண்டிருக்கிறான்.

இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்து அவள் முகத்துக்கு நேரே ஆட்டினான்.

"இந்த ஈஸ்டர் உனக்கு. குலுக்கல்ல ஜெயிச்ச விற்பனை அதிகாரி நவம்பர்ல நனையட்டும். எதிர்க்கரைக்குத்தான் போவேன்னா, இதைத் தொடாதே."

யூருன் சாவியையே பார்த்தாள். பிறகு பல்லைக் கடித்தபடி வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"நாய்க்கு எலும்பு போடற மாதிரி போடறே."

"கவ்விட்டே இல்ல? லெட்டரைக் கிழிச்சுக் குப்பையில போடு."

அவள் கிழிக்கவில்லை. மடிப்பு மாறாமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள்.

காசு செலவில்லாமல் ஓர் ஆளைக் கட்டிப்போட்ட திருப்தியில் ஸ்வெர்ரே சூடாக இன்னொரு காப்பிக்காகக் கீழே இறங்கினான். தொழிலாளர் ஓய்வறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ஐனாரின் குரல்.

"குடுத்தானா?"

சாவி குலுங்கியது.

"குடுக்காம?" என்றாள் யூருன். "இந்தா லெட்டர், பத்திரம். என் பேரை அழிச்சிட்டு ஹெர்டிஸ்னு எழுது."