மூன்று வாளித் தக்காளி

"முப்பதாம் தேதி வரைக்கும்தான் டைம். அதுக்குள்ள ஒரு காய் கண்ணுல காட்டலைன்னா மூணு வாளியையும் எடுத்துடணும்" என்றார் செக்ரட்டரி.

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவருக்கு 'ரூல்ஸ்' என்று பெயர். விதிமுறைப் புத்தகம் எந்நேரமும் கக்கத்தில் இருக்கும். குளிக்கும்போது எங்கே வைப்பார் என்பதுதான் தெரியவில்லை.

"குட்டை ரகத் தக்காளி சார். வாளியில வளர்க்குறதுக்குன்னே வந்தது" என்றாள் இரண்டாம் மாடி டெய்லரம்மா. கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து அளந்தும் காட்டினாள். "பாருங்க, பதினாலு இஞ்ச். இதுக்கு மேல வளராது. யாருக்கு என்ன இடைஞ்சல்?"

"வராந்தாவுல காய்கறி வைக்கலாம். அழகுச் செடி வைக்கக் கூடாது. ரூல் பதினொண்ணு."

"இது காய்கறிதானே?"

"காய்ச்சாத்தான் காய்கறி. அதுவரைக்கும் அழகுச் செடி."

டெய்லரம்மா வீட்டுக்குள் வந்து ஒரு பாட்டம் அழுதாள். அவள் வீட்டில் வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. விழுவது வராந்தா ஜன்னலோரம் மட்டும்தான். விதை போட்டு, துண்டுத் துணியால் குச்சியோடு கட்டி, மூன்று மாதமாகப் பிள்ளைபோல் பார்த்த செடிகள். பூ என்னவோ கொத்துக் கொத்தாகத்தான் வந்தது. வந்த வேகத்தில் கொட்டியும் போனது.

"உரம் பத்தலையோ?" என்றார் கணவர்.

"டீத்தூள் போட்டாச்சு, முட்டை ஓடு போட்டாச்சு. இனிமே நான்தான் வாளிக்குள்ள போய் உட்காரணும்."

இருபதாம் தேதி காலை, பால் பாக்கெட் எடுக்கப் போனவளுக்கு வெளியே 'ர்ர்ர்' என்று ஒரு சத்தம் கேட்டது. கதவுத் துளை வழியே பார்த்தாள். ரூல்ஸ் வாளிமேல் குனிந்து நின்றார். கையில் பேட்டரி டூத் பிரஷ். அதை ஓடவிட்டு, ஒவ்வொரு பூக்காம்பிலும் வைத்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடிப்போய்க் கணவரை எழுப்பினாள்.

"ஏங்க, பூ ஏன் கொட்டுதுன்னு தெரிஞ்சுபோச்சு. அந்த ஆளு டூத் பிரஷ்ஷால உலுக்கிவிடுறாரு."

"அவர் பல்லைப் பார்த்தப்பவே நினைச்சேன், பிரஷ்ஷுக்கு வேற எங்கேயோ வேலை இருக்குன்னு" என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

டெய்லரம்மா படாரென்று கதவைத் திறந்தாள். கையில் கத்தரிக்கோல் இருந்தது அவளுக்கே தெரியாது.

"கெடுவும் நீங்களே வைப்பீங்க, பூவையும் நீங்களே உதிர்ப்பீங்களா? இது எத்தனையாவது ரூல் சார்?"

பதற்றத்தில் ரூல்ஸுக்குப் பிரஷ்ஷை நிறுத்தத் தெரியவில்லை. அது பாட்டுக்கு 'ர்ர்ர்' என்றது. அன்றைக்குப் பார்த்துக் கக்கத்தில் புத்தகமும் இல்லை.

"கத்தாதீங்கம்மா, நாலு பேர் வந்துடுவாங்க. நடு வாளியில கீழ்க் கொத்தைப் பாருங்க."

குனிந்து பார்த்தாள். வாடிய பூவுக்குப் பின்னால் பச்சையாக, மிளகு அளவில் ஒன்று. பக்கத்திலேயே இன்னொன்று. பழக்கத்தில் டேப்பை எடுத்தாள். அவ்வளவு சின்ன அளவுக்கு அதில் கோடு இல்லை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஒரு வாரமா உலுக்குறேன்" என்றார் ரூல்ஸ். "பூ ஆடினாத்தான் மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும். காத்து ஆட்டணும், இல்லேன்னா தேனீ வந்து ஆட்டணும். இங்க ரெண்டும் வராது. போன வருஷம் புறா வருதுன்னு இந்த ஜன்னலை எல்லாம் கண்ணாடி போட்டு அடைச்சுட்டாங்க."

"யாரு சார் அடைக்கச் சொன்னது?"

"நான்தான்."

"அப்போ ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டிருந்தாப் போதுமே. எதுக்கு சார் காலங்காத்தால இந்தக் கஷ்டம்?"

ரூல்ஸ் ஒருவழியாகப் பிரஷ்ஷை நிறுத்தினார். படிக்கட்டுப் பக்கம் யாரும் வருகிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"திறந்தா நான் போட்ட ரூல் தப்புன்னு ஆயிடும்மா. அதுக்குப் பதிலா, முப்பதாம் தேதி வரைக்கும் நானே தேனீயா இருந்துட்டுப் போறேன்."