காதில் ஒரு முள்

“வாசல் அளவைப் பார்த்துச் சாப்பிடுடா” என்றோ என்னவோ பெரியப்பா சொல்வார். பெருச்சாளியாருக்குச் சரியாக ஞாபகமில்லை. நேற்று பூனை துரத்தியபோது வளை வாசலில் தொப்பை சிக்கி, பாதி வால் அதன் வாயோடு போய்விட்டது.

பதறிப்போய், தொப்பையைக் குறைக்க வைத்தியர் முள்ளம்பன்றியிடம் ஓடினார். வைத்தியர் தன் முள்ளொன்றைப் பிடுங்கி அவருடைய இடது காதில் குத்தினார்.

“பசிச்சா இதை அழுத்துங்க, பசி அடங்கும். சாப்பாட்டையும் பாதியாக்குங்க.”

முதல் பாதியை மட்டும் பெருச்சாளியார் பக்தியோடு கடைப்பிடித்தார். ஒரு கையால் முள்ளை அழுத்திக்கொண்டே மறு கையால் வடை தின்றார்.

“என்னங்க கூத்து இது, காதுக்கு மட்டும் பத்தியமா?” என்றாள் மனைவி.

“வைத்தியத்தைப் பத்தி உனக்கென்னடி தெரியும்?”

பத்தாம் நாள் பூனை மறுபடி துரத்தியது. இந்த முறை வாசலில் கழுத்துதான் நுழைந்தது. மனைவி உள்ளேயிருந்து இழுத்த இழுப்பில் மீதி வாலை மட்டும் இழந்து தப்பினார்.

மூச்சு வாங்க உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தார். வலது காதிலும் ஒரு முள் குத்திக்கொள்வதென்று முடிவெடுத்தார்.