அக்காவின் இடப்பக்கம்

மணி பத்தாகியும் பனி விலகாத தேயிலைச் சரிவில் அம்சவல்லி கொழுந்து கிள்ளுகிறாள். ரிங்லெட் மலைப்பாதை வளைவில் ஆளேற்றி வந்த லோரி கவிழ்ந்து அவள் மண்டை உடைந்து இரண்டு வருஷமாகிறது. அன்றிலிருந்து இடப்பக்கம் இருப்பது எதுவும் அவள் கண்ணில் படுவதில்லை; அந்தப் பக்கம் தொட்டாலும் உறைப்பதில்லை. ஒவ்வொரு செடியிலும் வலது பாதியைக் கிள்ளிவிட்டு, முடிந்தது என்று நகர்கிறாள். மிச்சப் பாதியைப் பின்னால் வரும் தங்கை ரஞ்சிதம் கிள்ளி, சத்தமில்லாமல் அக்காவின் கூடையில் போடுகிறாள். அம்சவல்லியின் தலைத்துணி நனைந்து தழும்போடு ஒட்டிக் கிடக்கிறது. கீழ் நிரை முடிந்ததும் அம்சவல்லி மேட்டுப் பாதையில் ஏறுகிறாள். “அங்க வேணாம்க்கா, ஒரு பக்கம் பூரா பள்ளம்லா,” என்கிறாள் ரஞ்சிதம். “எந்தப் பக்கம்?” “எடது பக்கம்.” அம்சவல்லி வாய்விட்டுச் சிரிக்கிறாள். “அப்ப எனக்கென்னடி பயம்? வா.” கூடையைத் தூக்கிச் சரிசெய்துகொண்டு, ஒற்றையடிப் பாதையில் விறுவிறுவென்று போகிறாள். ரஞ்சிதம் ஓடிப்போய் அக்காவுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் புகுந்துகொள்கிறாள். அவள் காலடியில் ஈரமண் பெயர்கிறது. கல்லொன்று உருண்டு பனிக்குள் போகிறது. விழுந்த சத்தம் வரவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு அக்காவின் தோளோடு தோளாக நடக்கிறாள். “எங்கடி இருக்க?” என்று அம்சவல்லி வலப்பக்கம் திரும்பித் தேடுகிறாள்.