அடித்தது யார்

பேஸ்பால் ஆட்டக்காரி ஜெசிந்தா மட்டையைப் பிடித்தால் வலது கையுறை மேலே இருக்கும். இடது கையுறை அதற்குக் கீழே, மட்டையின் அடிக்குமிழை ஒட்டி இருக்கும்.

"பந்தை அடிப்பது நான்தான். கீழே இருக்கிறவன் சும்மா கூட வருகிறான்," என்றது வலது.

"மட்டையை முதலில் இழுத்துக்கொண்டு போவது யார்? நான் இழுக்காவிட்டால் நீ அவள் தோள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாய். மேலே இருக்கிறோம் என்று இவ்வளவு தலைக்கனம் ஆகாது," என்றது இடது.

மட்டை பெரிய மனுஷன் மாதிரி வாயைத் திறக்காமல் இருந்தது.

ஆட்டம் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. இன்னும் ஒரு ஓட்டம் எடுத்தால் வெற்றி. அந்த நேரம் பார்த்து எதிரணி தன் இடக்கை வீச்சாளரை மாற்றி, வலக்கையால் வீசுகிறவளை இறக்கியது. ஜெசிந்தா இரண்டு பக்கமும் நின்று அடிக்கத் தெரிந்தவள். வலக்கையால் வீசும் பந்தை அடிக்க வசதியாக மறுபக்கம் போய் நின்றாள். கைகள் இடம் மாறின. இப்போது இடது மேலே, வலது கீழே.

பந்து வந்தது. வலது இழுத்தது, இடது தள்ளியது. பந்து வேலிக்கு மேலே பறந்தது.

"பார்த்தாயா, அடித்தது நான்தான்," என்றது இடது.

"இழுத்தது யார்? மேலே இருக்கிறோம் என்று இவ்வளவு தலைக்கனம் ஆகாது," என்றது வலது.

ஜெசிந்தா மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். கையுறைகள் சண்டை போட்டபடியே அவளோடு போயின.

மண்ணில் கிடந்த மட்டை, "உண்மையில் அடித்தது நான்," என்று சொல்ல ஆள் தேடியது. எல்லோரும் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.