ஒரு கோடு சார்ஜ்

ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு இரண்டு இன்டர்நெட் போன்கள் வந்தன: ஒன்று டாக்டர் மேசையில் வைக்கும் மேசை போன், இன்னொன்று கம்பியில்லாதது. ஒரு வாரம் பார்த்துவிட்டு ஒன்றைக் கடைக்குத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றார் டாக்டர். அன்றிலிருந்து கம்பியில்லாத போன் பயத்தில் தன் சார்ஜ் கோடுகளையே எண்ணிக்கொண்டிருந்தது.

"எனக்குச் சார்ஜே வேண்டாம். நீதான் பாதிப் பேச்சுல செத்துப்போவே. உன்னைத்தான் அனுப்புவாங்க," என்றது மேசை போன்.

ஆறாம் நாள் நர்ஸ் பிலோமினா கம்பியில்லாத போனைப் பையில் போட்டுக்கொண்டு மருந்து அறைக்குப் போனாள். ஈரத்தில் வழுக்கி விழுந்தாள். அலமாரி அவள் கால்மேல் சாய்ந்தது. பையிலிருந்து போனை எடுத்து டாக்டர் மேசைக்கு அழைத்தாள். போனில் ஒரு கோடு சார்ஜ்தான் இருந்தது.

"அண்ணே, பலமா மணியடி! எனக்குக் கண் இருட்டுது!" என்று அது கெஞ்சியது.

மேசை போன் தொண்டை கிழிய அலறியது. டாக்டர் எடுத்தார். "மருந்து ரூம்ல விழுந்துட்டேன் சார்," என்று அவள் சொல்லி முடித்ததும் கம்பியில்லாத போன் அணைந்துபோனது.

அது கண் விழித்தபோது சார்ஜரில் இருந்தது. காலில் கட்டோடு பிலோமினா எதிரே உட்கார்ந்திருந்தாள். டாக்டர் மேசை போனை எடுத்துக் கடைக்காரரிடம் பேசினார்:

"போன் பையில இருந்ததாலதான் நர்ஸ் கூப்பிட முடிஞ்சுது. இந்த மேசை போனை எடுத்துக்கிட்டு, கம்பியில்லாதது இன்னொண்ணு குடுங்க."

ஒரு சொல்கூடச் சிதறாமல் மேசை போன் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. தான் தங்கிவிட்டது தெரிந்தும், கம்பியில்லாத போன், "அண்ணே, நீ அலறினதாலதானே!" என்று முனகியது.