தாண்டிப் போன குவளை

“இப்பச் சொல்லுய்யா. எங்கப்பாவ விட்டுட்டு அடுத்த ஆளுக்கு ஏன் குடுத்த?”

கேட்டுக்கொண்டே ருஃபீனோ விட்ட குத்தில் நிகாசியோவின் மூக்கு உடைந்தது. மரப்பட்டறை ஆட்கள் பதறி எழுந்தார்கள்.

வட்டமாக உட்கார்ந்து தெரெரே குடிக்கும் நேரம் அது. குளிர்ந்த தண்ணீரில் ஊறிய இலைச்சாறு, எல்லோருக்கும் ஒரே கொம்புக் குவளை. போதும் என்று நன்றி சொன்னவனைத் தவிர வேறு யாரையும் அது தாண்டிப் போகக் கூடாது. போனால், நீ எங்கள் ஆள் இல்லை என்று அர்த்தம்.

ருஃபீனோவின் அப்பா டெல்ஃபினுக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல் போய்விட்டது. வாய் வழியாக ஒரு சொட்டு இறங்காது; வயிற்றில் செருகிய குழாய் வழியாகத்தான் சாப்பாடு. அந்தக் குழாயை மகனுக்குக்கூடக் காட்ட மாட்டார், கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் ஊற்றிக்கொள்வார். ஆனால் தினமும் வட்டத்துக்கு வந்துவிடுவார். குவளையை வாங்கிச் சற்று நேரம் கையில் வைத்திருந்து அடுத்தவரிடம் நீட்டுவார். இன்று அதுவும் இல்லை.

“எங்கப்பா செத்துட்டாருன்னே முடிவு பண்ணிட்டியா?”

டெல்ஃபினின் பழைய கூட்டாளி நிகாசியோ. ஊற்றிக் கொடுப்பது அவர் வேலை. இப்போது டெல்ஃபினை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ருஃபீனோ அவர் கழுத்துத் துணியைப் பிடித்து இழுத்தான். சொதசொதவென்று பச்சையாக நனைந்திருந்தது. அதை வீசிவிட்டு விலாவில் உதைத்தான். தடுக்க வந்த ஒருவன் பல் போய் விழுந்தான். சுவரோரம் கிடந்த வெட்டுக்கத்தி ருஃபீனோ கைக்கு வந்துவிட்டது.

மகன் ஓங்கிய கையை டெல்ஃபின் பிடித்துத் தொங்கினார். அவன் உதறியதில் மரத்தூளில் போய் விழுந்தார். கத்தப் பார்த்தார், வெறும் காற்றுதான் வந்தது. தட்டுத்தடுமாறி எழுந்து, அத்தனை பேர் முன்னாலும் சட்டையைத் தூக்கிப் பிடித்தார்.

குழாயின் மூடியில் பச்சையாக ஒரு சொட்டு திரண்டு நின்றது.

கத்தி அந்தரத்தில் அப்படியே நின்றது. நிகாசியோ ரத்தத்தைத் துப்பினார்.

“மொதக் குவளையே அவருக்குத்தான்டா. கட்டை அடுக்குக்குப் பின்னால வெச்சு, என் கழுத்துத் துணியில வடிகட்டிக் குழாயில ஊத்தினேன். போதும், நன்றின்னு கையக் காட்டினாரு. உங்கிட்ட மட்டும் சொல்லாதன்னு சைகை பண்ணாரு.”